ரப்பர் தோட்டத்திலிருந்து போர்முனைக்கு: ஜான்சி ராணிப் படையின் தமிழ்ப் பெண்கள்

1943-ம் வருடம். உலகமே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரம். அந்த வருடத்தில் இருபது நாள் இடைவெளியில் நடந்த இரண்டு சம்பவங்கள்.

முதல் சம்பவம், ஜூலை 12. சிங்கப்பூர். சுமார் இருபது இந்தியப் பெண்கள் கையில் கனமான லீ-என்ஃபீல்டு துப்பாக்கியோடு வரிசையாக நிற்கிறார்கள். சுபாஷ் சந்திர போஸ் வருகிறார். இராணுவ மரியாதை செலுத்துகிறார்கள். சில நாட்களுக்கு முன்புவரை அவர்களில் யாரும் துப்பாக்கியைத் தொட்டது கூட கிடையாது.

இரண்டாவது, ஆகஸ்ட் 1. சோவியத் ரஷ்யா. லிடியா லித்வியாக் என்ற 21 வயதுப் பெண் தன்னுடைய யாக்-1 போர் விமானத்தில் ஏறிப் பறக்கிறாள். அன்று திரும்பி வரவே இல்லை.

லிடியாவைப் பற்றி இணையத்தில் தேடினால் பக்கம் பக்கமாகக் கிடைக்கும். அந்த சிங்கப்பூர் வரிசையில் நின்றவர்களைப் பற்றி? அவர்களில் தலைமை தாங்கியவர் சென்னைப் பெண். அதன் பிறகு அந்தப் படையில் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். ஆனாலும் நம் பாடப் புத்தகத்தில் இவர்களுக்கு ஒன்றிரண்டு வரிதான். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

முதலில் ரஷ்யா

1941 ஜூனில் ஜெர்மனி ரஷ்யாவைத் தாக்கியது. அந்த அக்டோபரில் மரினா ரஸ்கோவா என்ற பிரபல பெண் விமானி பெண்களுக்கென்றே மூன்று விமானப் படைப் பிரிவுகளை உருவாக்க அனுமதி வாங்கினார். ஒன்று சண்டை விமானம், ஒன்று குண்டு வீச்சு, மூன்றாவது இரவு குண்டு வீச்சு. இந்த மூன்றாவது பிரிவுப் பெண்கள் மரமும் துணியும் சேர்த்துச் செய்த பழைய போ-2 விமானங்களில் இரவில் போய் குண்டு போட்டுவிட்டு வருவார்கள். ஜெர்மானியர்கள் அவர்களுக்கு வைத்த பெயர் "இரவுச் சூனியக்காரிகள்".

லிடியா சண்டை விமானப் பிரிவில் சேர்ந்து, பிறகு ஸ்டாலின்கிராட் வானத்தில் ஆண்களோடு சேர்ந்து பறந்தாள். தனியாக சுமார் பன்னிரண்டு எதிரி விமானங்களை வீழ்த்தியதாகச் சொல்கிறார்கள். சரியான எண்ணிக்கை எது என்று இன்றைக்கும் சர்ச்சை இருக்கிறது.

காணாமல் போன பிறகு அவளுக்கு என்ன நடந்தது தெரியுமா? உடல் கிடைக்காததால், எதிரியிடம் சிறைப்பட்டிருக்கலாம் என்ற சந்தேகம். ஸ்டாலின் காலத்தில் சிறைப்படுவது என்பது கிட்டத்தட்ட துரோகம். அதனால் "சோவியத் வீராங்கனை" விருது கொடுக்கவில்லை. கடைசியில் 1990-ல் கோர்பச்சேவ் காலத்தில்தான் கொடுத்தார்கள். 47 வருடம் கழித்து!

நாட்டுக்காக உயிரைக் கொடுத்தால் மட்டும் போதாது, அதை எழுதி வைக்க ஒருவர் வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு மலாயாவுக்கு வருவோம்.

பால்மரக் காட்டில்

குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்கு "லைன் வீடு" என்றால் என்னவென்று தெரியும். ஒரே கூரை, வரிசையாக ஒற்றை அறைகள். ஒரு அறையில் ஒரு குடும்பம். மலாயாவில் இதற்கு "லயம்" என்று பெயர். நீலகிரியில் தேயிலை, அங்கே ரப்பர். மற்றபடி துரை, கிராணி, கங்காணி என்ற அதிகார வரிசை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்களை மலாயாவுக்குக் கொண்டு போனார்கள். விடிவதற்கு முன்பே எழுந்து பால்மரம் வெட்டப் போக வேண்டும். பெண்களும் அதே வேலையைச் செய்தார்கள். ஆனால் கூலி ஆண்களை விடக் குறைவு. மாலையில் ஆண்களின் கூலியை வாங்கிக்கொள்ள தோட்டத்திலேயே கள்ளுக்கடை இருந்தது.

1941-ல், ஜப்பான் வருவதற்கு முன்பே, கிள்ளான் பகுதித் தோட்டங்களில் பெரிய வேலை நிறுத்தம் நடந்தது. அதில் வைத்த கோரிக்கைகளைப் படித்தால் அந்த வாழ்க்கை எப்படி இருந்திருக்கும் என்று புரியும். சீனத் தொழிலாளர்களுக்குக் கிடைக்கும் அளவுக்குக் கூலி வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். தோட்டத்து அதிகாரிகள் எங்கள் பெண்களிடம் தவறாக நடப்பதை நிறுத்த வேண்டும். துரையைப் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் போக வேண்டும். அரசாங்கம் பட்டாளத்தைக் கூப்பிட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

ஆக, போஸ் வந்து பேசியதால்தான் தோட்டத்துத் தமிழர்களுக்குக் கோபம் வந்தது என்று சொல்ல முடியாது. கோபம் ஏற்கெனவே இருந்தது.

சென்னையிலிருந்து ஒரு டாக்டர்

லட்சுமி சுவாமிநாதன் பிறந்தது 1914 அக்டோபர் 24, சென்னையில். அப்பா சுவாமிநாதன் உயர்நீதிமன்றத்தில் பெயர் பெற்ற கிரிமினல் வக்கீல். அம்மா அம்மு சுவாமிநாதன் காங்கிரஸ்காரர், பின்னாளில் அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். தங்கை மிருணாளினி புகழ்பெற்ற நடனக் கலைஞர், விஞ்ஞானி விக்ரம் சாராபாயின் மனைவி.

லட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938-ல் எம்.பி.பி.எஸ். முடித்தார். மகப்பேறு மருத்துவத்தில் டிப்ளமோவும் வாங்கி, திருவல்லிக்கேணி மருத்துவமனையில் வேலை பார்த்தார். டாடா விமான நிறுவனத்தின் விமானி ஒருவரோடு நடந்த திருமணம் சரிப்பட்டு வரவில்லை. 1940-ல் சிங்கப்பூர் போய் ஒரு கிளினிக் ஆரம்பித்தார். அங்கே வந்த நோயாளிகளில் பெரும்பாலோர் ஏழை இந்தியத் தொழிலாளர்கள்.

1942 பிப்ரவரி 15. சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. பிரிட்டிஷ் இந்தியப் படையின் பல்லாயிரம் இந்திய வீரர்கள் கைதிகளானார்கள். அவர்களிலிருந்துதான் இந்திய தேசிய இராணுவம் உருவானது. 1943 ஜூலை 2-ம் தேதி போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். ஒரு வாரம் கழித்து ஜூலை 9 அன்று திறந்தவெளிப் பொதுக்கூட்டத்தில் பேசும்போது, பெண்களுக்கென்று தனிப் படை வேண்டும் என்று சொன்னார். 1858-ல் பிரிட்டிஷாரோடு சண்டை போட்டு இறந்த ஜான்சி ராணியின் பெயரில்.

அடுத்த மூன்றே நாளில்தான் ஆரம்பத்தில் சொன்ன அந்த அணிவகுப்பு. லட்சுமியும் இன்னும் சிலரும் வீடு வீடாகப் போய்ப் பெண்களைத் திரட்டினார்கள். அதைப் பார்த்த போஸ் லட்சுமியை அழைத்து நீண்ட நேரம் பேசினார். படைக்குத் தலைமை ஏற்க முடியுமா என்று கேட்டார். சம்மதம் சொல்லிவிட்டு வந்த லட்சுமி கிளினிக்கை மூடினார். அப்போது அவருக்கு 28 வயது. அக்டோபர் 21-ல் போஸ் அறிவித்த தற்காலிக அரசில் ஒரே பெண் அமைச்சரும் அவர்தான். பிறகு லெப்டினன்ட் கர்னல் ஆனாலும் கடைசி வரை மக்களுக்கு அவர் "கேப்டன் லட்சுமி"தான்.

யார் சேர்ந்தார்கள்?

சிங்கப்பூரில் பயிற்சி முகாம் 1943 அக்டோபர் 22-ல் தொடங்கியது. முதலில் நூற்றைம்பது பேருக்கு மேல். பிறகு எண்ணிக்கை கூடியது. மொத்தம் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. சில நூறு என்பவர்களும் உண்டு, ஆயிரத்தைத் தாண்டும் என்பவர்களும் உண்டு.

இரண்டு விதமான பெண்கள் இருந்தார்கள். ஒன்று, படித்த, வசதியான வீட்டுப் பெண்கள். கோலாலம்பூரின் ஜானகி தேவர் இதற்கு நல்ல உதாரணம். போஸ் கோலாலம்பூரில் பேசியபோது, கூட்டத்தில் இருந்த ஜானகி தன் காதுத் தோட்டைக் கழற்றி நிதியாகக் கொடுத்துவிட்டார். அது பத்திரிகையில் படமாக வந்து வீட்டுக்குத் தெரிந்துவிட்டது! படையில் சேரப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அப்பா லேசில் சம்மதிக்கவில்லை. கடைசியில் கையெழுத்துப் போட்டார். அப்போது ஜானகிக்கு 18 வயது. யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த ராசம்மா, அக்கா பொன்னம்மாவோடு சேர்ந்தபோது அவருக்கு வயது 16.

இன்னொரு பக்கம், தோட்டத்துப் பெண்கள். எண்ணிக்கையில் இவர்கள்தான் அதிகம். பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். இன்னும் சொல்லப்போனால், இவர்களில் பலர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. பார்க்காத ஒரு நாட்டின் விடுதலைக்காகத் துப்பாக்கி தூக்கினார்கள்.

ஏன்? தேசபக்தி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் அது முழு உண்மை ஆகாது. போரால் ரப்பர் ஏற்றுமதி நின்று போய், தோட்டங்களில் வேலை இல்லை, அரிசி இல்லை. பசி. முகாமில் சாப்பாடு உண்டு, உடை உண்டு, பாதுகாப்பும் உண்டு. படிக்கத் தெரியாதவர்களுக்குப் பாடமும் சொல்லிக் கொடுத்தார்கள். முக்கியமாக, தோட்டத்தில் "ஏய்" என்று கூப்பிடப்பட்ட பெண்ணை இங்கே "ராணி" என்றார்கள். இந்தப் படையின் சாதாரண சிப்பாய்க்கே "ராணி" என்றுதான் பெயர்.

இதெல்லாம் சேர்ந்ததால் அவர்களின் தேசபக்தி குறைந்துவிடுமா? விடுதலை என்பதற்கு அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த அர்த்தமே அடிக்கு பயப்படாமல் நிமிர்ந்து நிற்பதுதான். டெல்லியில் எந்தக் கொடி பறக்கிறது என்பது அதற்குப் பிறகுதான்.

பயிற்சி

சேலையைக் கழற்றி வைத்துவிட்டு காக்கிச் சட்டை, கால்சட்டை, பூட்ஸ். பலர் தலைமுடியையும் வெட்டிக்கொண்டார்கள். அந்தக் காலத்துத் தமிழ்க் குடும்பத்தில் ஒரு பெண் முடியை வெட்டுவது என்றால் என்ன அர்த்தம் என்று வீட்டுப் பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். கட்டளைகள் எல்லாம் இந்துஸ்தானியில். தமிழ் மட்டுமே தெரிந்த பெண்கள் அதைக் கேட்டுப் பழகி நடந்தார்கள். துப்பாக்கி, கையெறி குண்டு, துப்பாக்கி முனைக் கத்தி, இரவு நடை என்று ஆண்களுக்கு உண்டான எல்லாப் பயிற்சியும் உண்டு. தனியாக ஒரு பிரிவுக்கு நர்ஸ் பயிற்சி. எல்லா சாதிக்கும், எல்லா மதத்துக்கும் ஒரே சமையல், ஒரே பந்தி.

ஜப்பானிய அதிகாரிகளுக்கு இந்தப் படை பிடிக்கவே இல்லை. பெண்களுக்கு எதற்கு ஆயுதமும் ரேஷனும் என்பது அவர்கள் எண்ணம். போஸ் விட்டுக்கொடுக்கவில்லை.

மேம்யோ, பர்மாவின் ஊட்டி

வெயில் தாங்காமல் சென்னை மாகாண அரசாங்கம் கோடையில் ஊட்டிக்கு மூட்டை கட்டுவது போல, பர்மாவின் வெள்ளைக்கார அரசாங்கம் ரங்கூனிலிருந்து போகும் மலை ஊர் மேம்யோ. சுமார் 1070 மீட்டர் உயரம். மே என்ற ஒரு கர்னல் பெயரால் வந்த ஊர். இன்றைய பெயர் பியின் ஊ ல்வின். குளிர், பங்களாக்கள், பூந்தோட்டங்கள் என்று எல்லாம் ஊட்டி மாதிரியே.

1944-ல் ராணிகள் பர்மாவுக்கு வந்தார்கள். ஒரு பிரிவு மேம்யோ போனது. மார்ச்சில் இம்பால் படையெடுப்பு தொடங்கியது. இம்பால் விழுந்தால் ராணிகளும் இந்திய மண்ணில் நுழைய வேண்டும் என்பது திட்டம். ஆனால் இம்பால் விழவில்லை. மழைக்காலம் வந்தது. உணவு போய்ச் சேரவில்லை. மலேரியா, வயிற்றுப்போக்கு. ஜூலையில் பின்வாங்கல்.

மேம்யோவுக்கு வந்தது வெற்றிச் செய்தி இல்லை, எலும்பும் தோலுமான வீரர்கள்தான். மருந்து போதாத மருத்துவமனையில், மேலே விமானங்கள் குண்டு போட, ராணிகள் அவர்களைக் கவனித்தார்கள். எங்களைச் சண்டைக்கு அனுப்புங்கள் என்று பலமுறை கேட்டும், முன்னணிப் போர்முனைக்கு அவர்களை அனுப்பவில்லை. "சண்டையே போடாத படை" என்று பிற்காலத்தில் சிலர் எழுதினார்கள். குண்டு மழைக்கு நடுவில் காயத்துக்குக் கட்டுப் போடுவதும் போர்தானே?

திரும்பி வந்த வழி

1945 ஏப்ரல் 24 இரவு. பிரிட்டிஷ் படை ரங்கூனை நெருங்கிவிட்டது. மலாயாவிலிருந்து வந்த பெண்களை வீடு சேர்க்காமல் நான் கிளம்ப மாட்டேன் என்று போஸ் பிடிவாதமாக இருந்தார். லாரிகளில் கிளம்பினார்கள். விமானத் தாக்குதலுக்கு பயந்து பகலில் மறைவு, இரவில் பயணம். லாரிகள் சேற்றில் சிக்கின. ஆறுகளைக் கடந்து, பல நாட்கள் நடந்தே போனார்கள். பூட்ஸ் கடித்துக் காலில் கொப்புளத்தோடு போஸும் கூடவே நடந்தார். ராணிகளைப் பொறுப்பாக நடத்திச் சென்றவர் ஜானகி தேவர். வயது 20.

பர்மாவிலிருந்து திரும்பிய இன்னொரு குழு போன ரயில் தாக்கப்பட்டதில் ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரண்டு ராணிகள் இறந்தார்கள்.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பர்மாவிலிருந்து பாங்காக் போக அப்போது இருந்த ஒரே ரயில் பாதை, 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் மரண ரயில் பாதை. 1942-43-ல் ஜப்பான் அதைப் போட்டது. வேலை செய்த ஆசியத் தொழிலாளர்களில் 90,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அதில் பல்லாயிரம் பேர் மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போன தமிழர்கள். அதாவது ஒரே லயத்திலிருந்து அண்ணன் ஜப்பானுக்குத் தண்டவாளம் போடப் போய் காலராவில் சாகலாம். தங்கை ஜப்பானின் நேச நாட்டுப் படையில் ராணியாக இருக்கலாம்.

இது போஸின் வழியில் இருந்த பெரிய முரண்பாடு. பிரிட்டனை விரட்ட ஜப்பானின் கையைப் பிடித்தார். அந்தக் கை சுத்தமாக இல்லை. இதை மறைத்துவிட்டு ராணிகளின் கதையைச் சொன்னால் அது பாதிக் கதை. ஆனால் அந்தப் பாவத்தை ராணிகளின் தலையில் கட்டுவதும் அநியாயம். அவர்கள் முன்னால் இருந்த வழிகள் மிகக் குறைவு.

அதற்குப் பிறகு

லட்சுமி பர்மாவிலேயே தங்கி காயம்பட்டவர்களைக் கவனித்தார். 1945-ல் பிரிட்டிஷாரிடம் பிடிபட்டு, 1946 மார்ச்சில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். செங்கோட்டை வழக்கில் நிறுத்தப்பட்ட மூவரில் ஒருவரான பிரேம் சேகலை 1947-ல் மணந்து கான்பூரில் குடியேறினார். பிரிவினை அகதிகள், 1971-ல் வங்கதேச அகதிகள், 1984-ல் போபால் விஷவாயு என்று எங்கே தேவையோ அங்கே டாக்டராகப் போய் நின்றார். அதே 1984-ல் இந்திரா காந்தி கொலைக்குப் பிறகு சீக்கியர்கள் தாக்கப்பட்டபோது, கான்பூர் தெருவில் இறங்கி கும்பலைத் தடுத்தார். 1998-ல் பத்ம விபூஷண். 2002-ல் இடதுசாரிகளின் குடியரசுத் தலைவர் வேட்பாளராக அப்துல் கலாமை எதிர்த்து நின்று, சுமார் பத்தில் ஒரு பங்கு ஓட்டு வாங்கித் தோற்றார். சென்னையில் பிறந்தவரும் ராமேஸ்வரத்தில் பிறந்தவரும் மோதிய தேர்தல் அது! 2012 ஜூலை 23-ல், 97 வயதில் காலமானார். உடலை மருத்துவக் கல்லூரிக்குத் தானம் செய்திருந்தார்.

ஜானகி மலாயா திரும்பி, 1946-ல் மலாயா இந்தியக் காங்கிரஸ் தொடங்கப்பட்டபோது அதன் ஆரம்ப உறுப்பினர்களில் ஒருவரானார். ஜானகி ஆதி நாகப்பன் என்ற பெயரில் மலேசிய மேலவை உறுப்பினராகவும் இருந்தார். 2000-ல் இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. 2014-ல் மறைந்தார். ராசம்மா பூபாலன் ஆசிரியையாகி, 1960-ல் பெண் ஆசிரியர் சங்கம் தொடங்கி, ஆணுக்குச் சமமான சம்பளம் கேட்டுப் போராடினார்.

சரி, தோட்டத்து ராணிகள்? பெரும்பாலோர் மறுபடியும் அதே லயத்துக்குத் திரும்பினார்கள். விடியற்காலையில் மறுபடியும் பால்மரம். பெயர் கூடப் பதிவாகவில்லை. படித்தவர்கள் புத்தகம் எழுதினார்கள், பேட்டி கொடுத்தார்கள். எழுதத் தெரியாதவர்களின் கதை அவர்களோடு போய்விட்டது. லிடியாவுக்கு 47 வருடம் கழித்தாவது விருது வந்தது. இவர்களுக்கு விருது கொடுக்கலாம் என்றால் யாருக்கென்று கொடுப்பது?

இந்திய இராணுவம் மருத்துவம் அல்லாத பிரிவுகளில் பெண் அதிகாரிகளைச் சேர்த்தது 1992-ல்தான். விமானப்படையில் முதல் மூன்று பெண் சண்டை விமானிகள், அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங், பதவி ஏற்றது 2016 ஜூனில். 2022-ல் தரைப்படைப் பெண் அதிகாரிகள் முதல் முறையாக, குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில் இருக்கும் முப்படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரிக்கான போட்டித் தேர்வில் தேர்ச்சி பெற்றார்கள். அப்போது பத்திரிகைகள் "முதல் முறை" என்று எழுதின. உண்மைதான்.

ஆனால் அதற்கு 78 வருடத்துக்கு முன்பே, ரப்பர் பால் வாசம் போகாத கைகளில் துப்பாக்கி பிடித்து, இன்னொரு மலை ஊரில் குளிரில் நின்ற தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். அடுத்த தடவை "முதல் பெண்" என்ற தலைப்பைப் படிக்கும்போது, பெயர் தெரியாத அந்த ராணிகளையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.